வாயை மூடச் சொல்லாதீங்க!

குட்டீஸ்! ஒரு சின்ன விளையாட்டு விளையாடலாமா? கண்ணாடி முன்னால் நின்று 'அம்மா' என்று மெதுவாகச் சொல்லுங்கள். அடுத்து 'அப்பா'. அதற்கடுத்து 'மாம்பழம்'. உதடுகளைக் கவனித்தீர்களா? 'ம'வும் 'ப'வும் வரும்போதெல்லாம் மேலுதடும் கீழுதடும் ஒன்றையொன்று தொட்டே ஆக வேண்டும். தொடாமல் சொல்லிப் பாருங்கள், 'அம்மா' என்று வரவே வராது! உதடுகள் சேர்வதால்தான் இந்த எழுத்துகள் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது தலைகீழாகப் பார்ப்போம். உதடு ஒட்டாமலே பாட முடியுமா? முடியும்! 17ம் நூற்றாண்டில் வாழ்ந்த துறைமங்கலம் சிவப்பிரகாசர், 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' என்று ஒரு நூலே பாடியிருக்கிறார். நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டாத பாட்டு. அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் வீட்டுத் திருக்குறள் புத்தகத்தில் 341வது குறளை எடுத்துப் படியுங்கள். கடைசி வரை உதடு ஒட்டாது.

பேசும்போது உதடு ஒட்டுவதும் பிரிவதும் நொடி நேர வேலை. பேசாமல் இருக்கும்போது? பாடம் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, தூங்கும்போது? நம்மில் பெரும்பாலோருக்கு உதடுகள் தாமாகவே மெல்லச் சேர்ந்துகொள்ளும். சிலருக்கு மட்டும் சேராது. எப்போது பார்த்தாலும் வாய் கொஞ்சம் திறந்தே இருக்கும். முன்பல் தெரியும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டில் தினம் கேட்கும் வசனம், "வாயை மூடு, ஈ புகுந்துடப் போகுது!" பள்ளிக்கூடத்தில் இன்னும் மோசம். 'தேங்காய்த் துருவி', 'பல்லன்' என்று பட்டப் பெயர் வேறு. அதனால் அந்தப் பிள்ளை சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொள்ளும். குரூப் போட்டோ எடுக்கும்போது பின்வரிசைக்கு நழுவிவிடும். வகுப்பில் பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்காது.

அவர்கள் சோம்பேறித்தனத்தாலோ, மறதியாலோ வாயைத் திறந்து வைத்திருக்கவில்லை. மூட முடியவில்லை, அதுதான் உண்மை! முடியாததற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். அதிலும், இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்கள் வயதுதான் அதற்கு ரொம்பவும் ஏற்ற வயது.

கண்ணாடிச் சோதனை

முதலில் ஒரு சோதனை. முகத்தை இறுக்காமல், சும்மா, உடம்பைத் தளர்த்திக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள். உதடுகளுக்கு நடுவே மூன்று, நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் கவலையே வேண்டாம். அது சாதாரணம் என்றுதான் பல் டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைவிட அதிகமாக இருந்தால் இப்போது உதடுகளை மூடுங்கள். மூடும்போது மோவாயைக் கவனியுங்கள். மோவாய்த் தோல் கமலா ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாகச் சுருங்குகிறதா? அப்படியென்றால் உங்கள் உதடுகள் தாமாக மூடவில்லை. மோவாயில் இருக்கிற தசை கீழுதட்டை மேலே தள்ளிக்கொண்டு கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். நாள் முழுவதும் அப்படித் தள்ளிக்கொண்டே இருக்க யாரால் முடியும்?

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு உடனே பயந்துபோய்விடக் கூடாது. பல் முளைத்து விழும் வயதில் நிறையப் பேருக்கு உதடு கொஞ்சம் விலகித்தான் இருக்கும். உயரம் கூடுவதுபோல உதடும் நீளமாக வளரும். பதினாறு, பதினேழு வயது வரை கூட வளரும். பலருக்கு எந்த வைத்தியமும் இல்லாமல் தானாகவே மூடிக்கொண்டுவிடும்.

இரண்டாவது சோதனை மூக்குக்கு. நன்றாகத் துடைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றை மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே படுக்கை வசமாகப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல மூச்சு விடுங்கள். தட்டின் மேல்பக்கம் பனி படர்ந்தால் மூக்கால் மூச்சு விடுகிறீர்கள். அடிப்பக்கம் மட்டும் பனி படர்ந்தால் வாயால் விடுகிறீர்கள். சளி பிடித்திருக்கும் நாளில் இந்தச் சோதனை செல்லாது!

மூக்கு அடைத்தால் வாய் திறக்கும்

மூக்கு, காற்றை வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புகிற ஒரு குட்டி இயந்திரம். அது அடைத்துக்கொண்டால் உடம்பு என்ன செய்யும்? வேறு வழியில்லாமல் வாயைத் திறக்கும். அப்போது போய் "வாயை மூடு" என்று திட்டுவது, "மூச்சு விடாதே" என்று சொல்வது மாதிரிதான்!

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம் தெரியும் இல்லையா? அங்கே 1928ல் டாக்டர் சவுரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதனால் வந்த பெயர்தான் சானடோரியம். நல்ல காற்றே மருந்து என்று டாக்டர்கள் நம்பிய காலம் அது. இன்று அதே பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிற வீட்டு ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பாருங்கள். கருப்பாக ஒட்டிக்கொண்டு வரும். தூசி, வாகனப் புகை, தலையணையில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள்... இவையெல்லாம் அலர்ஜி உள்ள பிள்ளைகளின் மூக்கை அடைத்துவிடும்.

இன்னொரு காரணம், மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேல்பகுதியில் இருக்கிற 'அடினாய்டு' என்ற சதை. எல்லாக் குழந்தைகளுக்கும் இது உண்டு. சின்ன வயதில் பெரிதாகி, பத்து வயதுக்கு மேல் சுருங்கத் தொடங்கும். சிலருக்கு மட்டும் காற்றுப் பாதையையே அடைக்கும் அளவுக்கு வீங்கிவிடும். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இருந்த மேயர் என்ற டாக்டர்தான் 1868ல் இதைப் பற்றித் தெளிவாக எழுதினார். எப்போதும் திறந்த வாய், மந்தமான காது, மூக்கடைத்த பேச்சு... இவர்களெல்லாம் புத்தி மந்தமானவர்கள் என்று ஊரே நினைத்தது. மேயர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, உள்ளே சதை அடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, அகற்றியும் காட்டினார்!

இன்றும் இப்படித்தான். வாயைத் திறந்து தூங்குகிற பிள்ளை குறட்டை விட்டால், இரவெல்லாம் புரண்டுகொண்டே இருந்தால், காலையில் வகுப்பில் தூங்கி வழிந்தால், முதலில் பார்க்க வேண்டியது காது மூக்கு தொண்டை டாக்டரை. சொட்டு மருந்தோ ஸ்பிரேயோ போதுமா, ஆபரேஷன் தேவையா என்று அவர் சொல்வார். மூக்கைச் சரிசெய்யாமல் பல்லுக்குக் கம்பி மட்டும் போட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை! தூங்கும்போது வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளும் பழக்கம் சமீபகாலமாகப் பரவி வருகிறது. மூக்கு அடைத்திருக்கும் பிள்ளைக்கு வாயையும் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஸ்காட்லாந்துச் சிறுவன் கதை

மூக்கு நன்றாக இருந்தும் உதடு மூடவில்லை என்றால், அடுத்து பல்லையும் தாடையையும் பார்க்க வேண்டும். மேல் முன்பற்கள் எடுப்பாக, வெளியே தள்ளிக்கொண்டு இருந்தால் உதடு எப்படி மூடும்? சிலருக்கு இது அப்பா, அம்மாவிடமிருந்து வரும். சிலர் பெரிய வகுப்பு வந்த பிறகும் கட்டைவிரல் சூப்புவதை விடாமல், தாங்களே பல்லைத் தள்ளிக்கொள்வார்கள். (பாட்டிகள் விரலில் வேப்பெண்ணெய் தடவுவது சும்மா இல்லை!) நிறையப் பேருக்கு மேல்பல் சரியான இடத்தில்தான் இருக்கும், கீழ்த்தாடைதான் பின்தங்கி இருக்கும்.

இங்கே ஒரு நிஜக் கதை. 1977ல் ஸ்காட்லாந்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் கீழே விழுந்தான். மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று வந்துவிட்டது. அவனுடைய அப்பா பல் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர். பல்லைப் பத்திரமாக எடுத்துவைத்து, சில மணி நேரத்துக்குள் திரும்பப் பொருத்திவிட்டார்கள். ஆனால் பல் ஊன்றவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது. ஏன்? அந்தப் பையனின் மேல்பற்கள் கீழ்ப்பற்களைவிட 9 மில்லிமீட்டர் முன்னால் இருந்தன. அந்தச் சந்துக்குள் அவனுடைய கீழுதடு போய் மாட்டிக்கொண்டிருந்தது! ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் உதடே பல்லை வெளியே தள்ளியது.

வில்லியம் கிளார்க் என்ற பல் சீரமைப்பு டாக்டர் யோசித்தார். உதட்டைச் சந்துக்குள் போகவிடாமல் செய்ய வேண்டும். மேலே ஒரு பிளேட், கீழே ஒரு பிளேட் செய்தார். இரண்டிலும் சறுக்குமரம் மாதிரி சரிவான கட்டைகள். வாயை மூடினால் கீழ்க்கட்டை மேல்கட்டையின் சரிவில் சறுக்கி, கீழ்த்தாடை தானாக முன்னால் வந்து நிற்கும். சாப்பிடும்போது கூட அதைக் கழற்றக் கூடாது. ஒன்பது மாதத்தில் 9 மில்லிமீட்டர் 4 மில்லிமீட்டராகக் குறைந்தது. இரட்டைக் கட்டை என்ற பொருளில் அதற்கு 'ட்வின் பிளாக்' என்று பெயர். இன்று சென்னை உட்பட உலகம் பூராவும் பிள்ளைகள் இதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

எடுப்பான பல் உள்ளவர்கள் இந்தக் கதையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்கள் சைக்கிளிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ விழுந்தால் முதலில் அடிபடுவது அந்தப் பல்தான். உதடு என்கிற மெத்தை மூடியில்லையே! நிரந்தரப் பல் முழுசாகக் கழன்று விழுந்துவிட்டால் பதறாமல், வேரைத் தொடாமல், பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவாதீர்கள். ஒரு டம்ளர் ஆவின் பாலில் போட்டு, பெரியவர்களோடு உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்த மாட்டார்கள்.

கிளிப்பா, கத்தியா?

ட்வின் பிளாக் மாதிரியான பிளேட்டுகள் வேலை செய்ய உடம்பு வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். அதனால் பொதுவாக 11 முதல் 13 வயதுக்குள் போடுவார்கள். பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவே. எட்டு வயதிலேயே ஆரம்பித்தால் இன்னும் அழகாக வருமா என்று சில அம்மாக்கள் கேட்பார்கள். கடைசியில் கிடைக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சீக்கிரம் ஆரம்பித்தால் ஒரே ஒரு லாபம் உண்டு. முன்பல் அடிபடும் ஆபத்து குறையும்.

அடுத்தது கிளிப். பல்லின் மேல் குட்டிக் குட்டி உலோகத் துண்டுகளை ஒட்டி, அவற்றின் வழியாகக் கம்பி மாட்டுவார்கள். மெல்லிய, விடாத இழுப்பு. அதற்குக் கட்டுப்பட்டு எலும்பே ஒரு பக்கம் கரைந்து, மறுபக்கம் புதிதாக வளர, பல் நகரும். இந்த யோசனை பழசு. 1728லேயே பிரான்ஸ் நாட்டு பல் மருத்துவர் பியர் ஃபோஷார், உலோகப் பட்டையில் பல்லை நூலால் கட்டி நகர்த்தும் முறையை எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரில் மேல்பல், கீழ்ப்பல் இரண்டுமே முன்னால் இருக்கும் முகங்கள் ஏராளம். அவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு கடைவாய் முன்பற்களை எடுத்துவிட்டு, கிடைத்த இடத்தில் முன்பற்களை உள்ளே இழுப்பார்கள். சுமார் இரண்டு வருட வேலை. நல்ல பல்லை எடுப்பதா என்று தாத்தா கோபப்படத்தான் செய்வார்! டாக்டரிடமே காரணம் கேளுங்கள், சொல்லுவார்.

உதட்டுக்குப் பயிற்சியும் உண்டு. பெரிய கோட் பட்டன் ஒன்றில் கெட்டியான நூல் கோத்து, பட்டனைப் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே வைத்து, நூலை மெல்ல இழுக்க வேண்டும். உதடு விடக் கூடாது. பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். உதட்டுத் தசைக்கு இது நல்ல உடற்பயிற்சிதான். ஆனால் தாடை எலும்பை நகர்த்திவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வளர்ந்து முடித்த பிறகும் உதடு மூடவில்லை, தாடை எலும்பே நீளமாகவோ பின்தங்கியோ இருக்கிறது என்றால் ஆபரேஷன். தாடை எலும்பை வெட்டி இடம் மாற்றி வைப்பார்கள். மோவாய் எலும்பை மட்டும் முன்னே நகர்த்துவதும் உண்டு. இது பள்ளிப் பிள்ளைகளுக்கானது அல்ல. வளர்ச்சி நின்ற பிறகு, பெரும்பாலும் 17, 18 வயதுக்கு மேல்தான். உதட்டில் ஊசி போட்டுப் பருமனாக்குவது, தசையைத் தளர்த்த ஊசி போடுவது என்று அழகு நிலைய விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். ஊசியின் பலன் சில மாதங்களில் கரைந்துவிடும். பல்லோ தாடையோ ஒரு மில்லிமீட்டர் கூட நகராது. வளரும் வயதில் அந்தப் பக்கமே போகக் கூடாது.

எதுவுமே வேண்டாம் என்பதும் ஒரு வைத்தியம்தான்! மூச்சு மூக்கால் வருகிறது, கடிக்க முடிகிறது, ஈறு வீங்கவில்லை, பல் கொஞ்சம் தெரிகிறது, அவ்வளவுதான் என்றால் அது உங்கள் முகம். பட்டப் பெயர் வைக்கிறவனுக்காகக் கிளிப் போட வேண்டியதில்லை. அவன்தான் வாயை மூட வேண்டும்!

கிரகணம் மேல் பழி

பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருக்கும் குழந்தைகளும் உண்டு. உலகில் சுமார் 700 குழந்தைகளில் ஒருவருக்கு உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போது அம்மா கிரகணத்தில் வெளியே வந்ததால் இப்படி ஆகிவிட்டது என்று நம் ஊரில் சொல்வார்கள். பாவம் நிலா, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! கருவில் முகத்தின் இரு பக்கங்களும் ஒன்றுசேர்கிற முதல் சில வாரங்களில் நேரும் சிறு தவறு அது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்போதே ஆபரேஷன் செய்து உதட்டைச் சேர்த்துவிடலாம். உத்தரப்பிரதேசத்துச் சிறுமி பிங்கி சோன்கர் இப்படிப் பிறந்தவர்தான். இலவச ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்த கதையைச் சொன்ன 'ஸ்மைல் பிங்கி' என்ற ஆவணப்படத்துக்கு 2009ல் ஆஸ்கர் விருது கிடைத்தது. 2013ல் விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டியில் நாணயம் சுண்டியதும் அவரே!

எங்கே போவது?

தாம்பரத்தில் பீச் போகிற மின்சார ரயில் ஏறுங்கள். கோட்டை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கி, பல் சீரமைப்புப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் தனியார் கிளினிக்கைவிடச் செலவு மிகக் குறைவு. ரயில் ஏற வேண்டாம் என்றால் பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரி, வண்டலூரைத் தாண்டி ரத்தினமங்கலத்தில் தாகூர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றன. இங்கெல்லாம் மேல்படிப்பு படிக்கும் டாக்டர்கள், பேராசிரியர்களின் மேற்பார்வையில் வைத்தியம் செய்வார்கள்.

போகும்போது டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். என் உதடு மூடாததற்குக் காரணம் மூக்கா, பல்லா, தாடையா? இப்போதே தொடங்க வேண்டுமா, காத்திருக்கலாமா? எத்தனை மாதம் ஆகும்?

கிளிப் போட்டால் முதல் நாலைந்து நாள் பல் வலிக்கும். தயிர் சாதம், இட்லி என்று ஓட்ட வேண்டியதுதான். முறுக்கு, கமர்கட், கரும்பு மூன்றுக்கும் தடை. கிளிப்பைக் கழற்றிய பிறகும் வேலை முடியாது. பல் பழைய இடத்துக்கே ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த 'ரிடெய்னர்' என்று ஒரு பிளேட் தருவார்கள். சாப்பிடும்போது கழற்றி, அதற்கென்று தருகிற டப்பாவில் போடுங்கள். பேப்பரில் சுற்றி டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தால், எச்சில் இலையோடு சேர்ந்து குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். அப்புறம் மறுபடியும் கோட்டை ஸ்டேஷன்தான்!